ஒன்பது குட்டி போட்ட இலை

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள், பிரியாணி சாப்பிடுகிறார்கள், பஸ் ஏறிவிடுகிறார்கள். என் மொட்டைமாடியைப் பார்க்காமல் போவது அவர்களுக்குத்தான் நஷ்டம். வாரத்துக்கு ஒருமுறை கையால் தண்ணீர் தெளித்து, இந்தக் காய்ந்த ஊரில், முந்நூறு தொட்டிக்கு மேல் வைத்திருக்கிறேன். அத்தனையும் தடித்த இலைச் செடி. பேரன்கள் ‘சக்குலண்ட்’ என்கிறார்கள். சிலது ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், சிலது கூழாங்கல் மாதிரி. எதன் பெயரும் என் வாயில் நுழையாது. ஆனால் ஒரு செடியைக்கூட நான் விதை போட்டு முளைக்க வைத்ததில்லை. எல்லாமே ஒற்றை இலையிலிருந்து வந்தவை.

ராஜபாளையத்திலிருந்து செடி வாங்க ஒரு டீச்சரம்மா வந்தார். செடிப் படிப்பே படித்தவராம். அவர் இலையை மண்ணில் புதைத்துப் புதைத்து எல்லாம் அழுகிப் போகிறதாம். நான் சிரித்துவிட்டேன். இலையைக் கிள்ளக்கூடாது, மெல்லத் திருக வேண்டும், அடிக்காம்பு முழுசாக வர வேண்டும். பிறகு மூன்று நாள் நிழலில் போட்டுக் காம்பில் உள்ள புண் ஆற விட வேண்டும். புண் ஆறாத இலையை மண்ணில் வைத்தால் அழுகத்தான் செய்யும். ஆறின இலையை மண்ணுக்கு மேலே சும்மா கிடத்தினாலே போதும், அது பாட்டுக்குக் குட்டி போடும். “எங்க அண்ணாச்சி படிச்சீங்க இதெல்லாம்?” என்று கேட்டார். அஞ்சாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை என்றேன். தறிக்கூடத்தில் நூல் சுற்றிக் கொடுத்துத் தொடங்கியவன், இன்றைக்கு இரண்டு விசைத்தறி ஷெட்டுக்கு முதலாளி. யாரிடமும் கைகட்டி நின்று நான் எதையும் கற்றதில்லை. இந்த இலை விஷயம் மட்டும் எட்டு வயசில் அம்மா செய்யப் பார்த்தது. அவளும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகப் பார்த்துக்கொண்டேன்.

டீச்சரம்மாவிடம் அதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

அப்போது அப்பா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். நீளமான வீடு. முன்கூடத்தில் பெரியப்பாவின் மேசை, நடுவில் இரண்டு குழித்தறி, கடைசியில் அடுப்படி. குழித்தறி என்றால் தரையில் வெட்டிய பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். ஒரு தறியில் பெரியப்பாவின் கூலிக்காரர் நெய்தார். இன்னொன்றில் அம்மா. காலையில் நான் கண் விழிக்கும்போதே அம்மாவின் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஓட்டில் பதித்த ஒற்றைக் கண்ணாடி வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கும். அதற்குள் பஞ்சுத் தூசி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்கும். அம்மா இடுப்புக்குக் கீழே இல்லாதவள் மாதிரி, தரையிலிருந்தே முளைத்தவள் மாதிரி தெரிவாள்.

கொல்லையில், குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு செடி நின்றது. வைத்தியர்கள் அதை ரணகள்ளி என்பார்கள். எங்களுக்கு அது ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’. அந்தச் செடிக்குப் பெயரே அதுதான். இலையைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பத்து நாளில் இலையின் ஓரத்து மடிப்புகளில் கடுகளவு பச்சை எட்டிப் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றும் இரண்டு குட்டி இலையும், மயிரிழை மாதிரி வேருமாக அந்தரத்திலேயே நிற்கும். அப்பா துபாய் போவதற்கு முந்தின வாரம் சிவகிரிப் பக்கமிருந்து கொண்டுவந்து நட்டுவிட்டுப் போன செடி அது.

அப்பாவுக்குக் கடிதம் எழுதுவது எங்கள் வீட்டில் ஒரு பெரிய சடங்கு. எழுதுவது பெரியப்பா. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எனக்கு அப்போதுதான் கூட்டெழுத்து வந்துகொண்டிருந்தது. கணவனின் அண்ணனிடம் அம்மா நேருக்கு நேர் பேசமாட்டாள், அது அந்த வீட்டு மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம் நான் சொல்வேன். அம்மா சொன்னது அவர் காதில் விழுந்திருந்தாலும், நான் சொன்ன பிறகுதான் பேனாவை அசைப்பார். என் வாய் வழியாகத்தான் அந்தக் குடும்பமே பேசியது என்றால் அது மிகையில்லை. அந்த வயசிலேயே நான் அவ்வளவு முக்கியமான ஆள்.

எழுதி முடித்ததும் பெரியப்பா கூடத்துக்கே கேட்கிற மாதிரி ஒருமுறை வாசிப்பார். பிறகு கவர் அம்மாவிடம் போகும், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவதற்கு. ஒட்டுவதற்கு முன்னால் அம்மா ஒரு இலையை உள்ளே வைப்பாள். முந்தின நாளே பறித்து, துடைத்து, அடுப்படி மாடத்தில் வைத்திருப்பாள். தறியில் வெட்டிப்போட்ட துணித் துண்டில் சுற்றி, கடிதத்தின் மடிப்புக்குள் செருகுவாள். ஒரு கடிதத்துக்கும் தவறியதில்லை.

பெரியம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. “எல்லாரும் புருசனுக்கு முறுக்கு குடுத்து விடுதா. இவ தழையை அனுப்புதா. அங்கன ஆடா வளக்கான் என் கொழுந்தன்?” என்பாள். தறிக்காரர் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள்.

அப்பா பதிலில் கடைசி வரி எப்போதும் இலையைப் பற்றித்தான் இருக்கும். ‘இலை வந்து சேர்ந்தது. வழியிலேயே மூன்று குட்டி போட்டிருந்தது. பால் டப்பாவில் வைத்திருக்கிறேன்.’ பெரியப்பா அதை அவசரமாக வாசித்துவிட்டு மடித்து வைப்பார். எனக்கு மட்டும் கடிதமே அந்த வரியில்தான் தொடங்கும். தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொள்வேன். இருட்டுக் கவருக்குள் இலை ஆகாய விமானத்தில் போகிறது. மேகத்துக்கு மேலே யாருக்கும் தெரியாமல் முதல் குட்டி முளைக்கிறது. கடலுக்கு மேலே இரண்டாவது. கரை இறங்கும்போது மூன்றாவது. அப்பா கவரைப் பிரித்ததும் மணலுக்கு நடுவே எங்கள் கொல்லை விரிகிறது. தறியின் அதிர்வில் பாயும் நானும் மெல்ல ஆடிக்கொண்டிருப்போம், பறப்பது இலையா நானா என்று தெரியாது. அப்படியே தூங்கிப்போவேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அப்பாவிடமிருந்து வந்த கடிதத்தில் புதுச் செய்தி இருந்தது. தை மாதத்தோடு அவருடைய இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ‘உங்கள் கடிதம் பார்த்துத்தான் முடிவு செய்வேன்’ என்று எழுதியிருந்தார். அதாவது, வருவதா அங்கேயே இருப்பதா என்பது நாங்கள் அனுப்பப் போகும் அடுத்த கடிதத்தில் இருந்தது. எட்டு வயசுக்காரனுக்கும் அது நன்றாகவே புரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஊறி, காலை வைத்தால் சில்லென்று இருக்கும். அம்மாவின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. நாலு நாள் கடைசி அறையில் சுருண்டு கிடந்தாள். அஞ்சாம் நாள் பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “உங்கம்மா எந்திச்சாளால? தறியில பாவு பாதியில நிக்கி. ஈரத்துல நூல் இத்துப் போச்சுன்னா யாரு பதில் சொல்லுததுன்னு கேளு.” கேட்கத் தேவை இருக்கவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பள்ளத்துக்குள் இறங்கினாள். நான் சுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிய கை, அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி சுட்டது. “தள்ளி நில்லு மக்கா, ஒனக்கும் ஒட்டிக்கிடும்” என்றாள். பத்து நாளுக்கு மேல் அப்படித்தான் நெய்தாள்.

அப்போதுதான் பெரியப்பா கடிதம் எழுத உட்கார்ந்தார். அம்மா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“என்ன எழுதணுமாம்? கேளுல” என்றார்.

அம்மா சொல்வதற்காக நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவின் நிலையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா” என்றேன்.

பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “காய்ச்சல் கீய்ச்சல்னு எழுதாண்டாம்னு சொல்லு. வெளிநாட்டுல கெடக்கவனுக்கு இதைக் கேட்டா சோறு எறங்குமா? இன்னைக்கு வந்த காய்ச்சல் நாளைக்குப் போயிரும்.” பெரியப்பா கெட்டவர் இல்லை. எங்கள் பக்கம் அப்போது யாரும் வெளிநாட்டுக் கடிதத்தில் கெட்டதை எழுதமாட்டார்கள். அதைத்தான் பிரியம் என்று நினைத்திருந்தார்கள். ‘இங்கு அனைவரும் நலம். கையெழுத்துப் போடுவது உன் இஷ்டம்’ என்று எழுதி, உரக்க வாசித்து, கவரைக் கொடுத்தார்.

அந்தக் கடிதம் தபாலில் போகவில்லை. அப்பாவோடு வேலை பார்க்கிற கடையநல்லூர்க்காரர் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்பப் போகிறார், அவர் கையில் கொடுத்தால் கையெழுத்து நாளுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஏற்பாடு. பெரியப்பா மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா பருக்கை வைத்துக் கவரை ஒட்டிக்கொண்டிருந்தாள். மாடத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

“எலை வைக்கலியாம்மா?”

“இந்தத் தடவ வேண்டாம்ல.”

“மறந்துட்டியா? நான் பறிச்சுக் கொண்டாரட்டா?”

“வேண்டாம்னா வேண்டாம். வீம்பு பண்ணாம பெரியப்பா கூடப் போயிட்டு வா.” கவரை என் கையில் கொடுத்து, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். விரல் இன்னும் சுட்டது.

காய்ச்சலில் இருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்தேன். அப்பாவுக்கு இலை என்றால் எவ்வளவு பிடிக்கும். ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாரே. இந்தக் கடிதத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிற நேரத்தில் இலை இல்லாமல் போனால் எப்படி வருவார்? நல்ல வேளையாக என்னிடம் ஒன்று இருந்தது. ஐப்பசித் தொடக்கத்தில், யார் சொல்லியும் இல்லாமல், செடியிலேயே பெரிய இலையாகப் பார்த்துத் திருகி எடுத்து, தறி நூலில் கட்டி, உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தேன். தறி ஓட ஓட அது மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அதில் ஒன்பது குட்டி. அம்மா அனுப்பிய எந்த இலையும் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு குட்டிகூடப் போட்டிருந்ததில்லை. என்னுடையது ஒன்பதோடு நின்றது. எட்டு வயசில் எனக்குக் கை அப்படி. நெல் மூட்டை மேல் ஏறி நூலை அறுத்தேன். துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. மழை விட்டிருந்தது. மேற்கே மலை முழுக்கக் கழுவி வைத்த மாதிரி நின்றது, அதன் இடுப்பில் மேகம் சுற்றிக்கொண்டிருந்தது. வயல்களில் நின்ற தண்ணீரில் வானம் கூடவே ஓடி வந்தது. புளியங்குடி தாண்டுவதற்குள் பெரியப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். கவரின் பருக்கை இன்னும் காயவில்லை. நகத்தால் ஓரத்தை மெல்லப் பிரித்தேன். இலையைக் கடிதத்தின் மடிப்புக்குள், ஒரு குட்டிகூடக் கசங்காமல், மெல்ல விட்டேன். நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினேன். பிறகு கவரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். மேகத்துக்கு மேலே ஒன்பது பேர் போகிறார்கள். ஒன்பது பேரும் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கடையநல்லூர்க்காரர் கவரை வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார். “என்ன மாப்ள, உள்ளார என்ன வச்சிருக்கீங்க, கனக்குது?” என்று என்னிடம் கேட்டார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பெரியப்பா, “வழக்கமா வைக்கிற தழைதான்” என்றார்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் அம்மாவின் காய்ச்சல் போய்விட்டது, கால் வீக்கம் மட்டும் போகவில்லை. அந்த ஒன்றரை மாதமும் அம்மா ஒரு மாதிரியாக இருந்தாள். சைக்கிள் மணி கேட்டால் தறியை நிறுத்துவாள். என்னுடைய துணிகளையும் அவளுடைய சேலைகளையும் துவைத்துத் துவைத்துத் தனியாக மடித்து ஒரு பெட்டியில் வைத்தாள். ஒருநாள், “அப்பா வந்தா நாம தனியா வீடு பாத்துப் போயிருவோம்ல. சின்ன வீடுன்னாலும் போதும்லா?” என்று கேட்டாள். அப்பா வரப்போகிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் ஆச்சரியப்பட்டேன். ரகசியம் எனக்கல்லவா தெரியும். செடியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். “அதையுந்தான்” என்றாள்.

கடிதம் மார்கழியில் வந்தது. பெரியப்பா கூடத்தில் நின்று வாசித்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். உள்ளே தறி நின்றது.

‘அண்ணனுக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. உள்ளே இலையும் இருந்தது. இத்தனை நாளில் இப்படி ஓர் இலை வந்ததில்லை. ஒன்பது குட்டி. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இனிக் கவலையில்லை. மேலும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.’

ஒன்பது என்று வாசித்ததும் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். இரண்டு வருஷம் என்று வாசித்ததும் ஒன்றும் புரியவில்லை. மனசு நிறைந்தவர் வரத்தானே வேண்டும்?

அது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா என்னோடுதான் இருந்தார். ஒருநாள் மாலை மாடிக்குக் கூட்டி வந்தேன். தட்டுத் தட்டாக இலை பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தார். ஒரு இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

“ஒங்கம்மாகிட்டச் சொன்னேன், அண்ணன் எழுதுத லெட்டர்ல ஒன் மனசு இருக்காதுன்னு. ஒன்னால அந்த வீட்டுல இருக்க முடியுதுன்னா ஒரு எலைய வையி. முடியலைன்னா வைக்காத. எலை இல்லாத கவரு வந்துச்சுன்னா நான் அந்த வாரமே கெளம்பிருவேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். மகராசி, கடைசி வரைக்கும் வைக்காம இருக்கலியே.”

எதையும் ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறவன் நான். அன்றைக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “குளிருது, கீழ போவோம்ப்பா” என்றேன். இரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார், அம்மா எப்போதும் வைத்துக்கொண்டே இருந்தாள் என்ற நம்பிக்கையோடு.

அந்த மார்கழி நாளில் பெரியப்பா கடிதத்தை மடித்து வைத்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். தறிப் பள்ளத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் குந்தினேன், அவள் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. கண்ணாடி வழியே வெயில் அவள் தலைமேல் விழுந்து, பஞ்சுத் தூசி சுற்றிலும் மிதந்துகொண்டிருந்தது.

“எலை நீயா வச்ச?”

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் குரலில் கோபம் இல்லை. அதனால் தைரியம் வந்துவிட்டது. “ஆமா. நீ மறந்துட்ட. நாந்தான் கட்டிப்போட்டு வளத்தேன், மேல, அந்த உத்திரத்துல” என்று காட்டினேன். அறுத்துவிட்ட நூலின் மிச்சம் இன்னும் அங்கே தொங்கியது. அம்மா தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஒம்பதா?” என்றாள்.

“ஒம்பது. எண்ணிப் பாத்துட்டுத்தான் வச்சேன்.”

அம்மா கையை நீட்டி என் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, “நல்லாத்தான் வளத்துருக்க” என்றாள். “இனிமே ஒவ்வொரு லெட்டருக்கும் நீயே பறிச்சு வச்சிரு. எங்கிட்டக் கேக்காண்டாம்.”

பிறகு ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தாள். தறி ஓடத் தொடங்கியது. உத்திரத்து நூல் அந்த அதிர்வில் மறுபடி சுற்றத் தொடங்கியது, இலை இல்லாமல்.

நான் தெருவுக்கு ஓடினேன். வெளிநாட்டுக் கடிதத்துக்கு இலை வைக்கிற வேலை இனி என்னுடையது, அம்மாவே என் கையில் கொடுத்துவிட்டாள் என்று அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தேன்.